சி பெட்டியின் குறை

தாய்வானில், லின்கோ மேட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் நான்காவது மாடியில் ஓர் அறை உண்டு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், வெளியே கொட்டுகிற மழை கத்தரித்தாற்போல் நின்றுவிடும். சுவர் முழுக்கப் பஞ்சு, தரை முழுக்கக் கம்பளம், எதிரே ஒரு கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் மூன்று லேப்டாப். எது என்ன மாடல், எது என்ன விலை என்று நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. ஏ, பி, சி என்பதுதான் பெயர். துணிக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். கேட்டுவிட்டு, ஐந்துக்கு இத்தனை என்று தாளில் எழுத வேண்டும். குறை இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் அதையும் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குச் சம்பளமா என்று ஊரில் சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

ரூ-யின் அந்த நாற்காலியில் பதினாறு வருஷமாக உட்காருகிறாள். காலையில் எல்லாருடைய காதையும் சோதிப்பார்கள். சின்னக் கூண்டுக்குள் போய், கொசு முனகுவதைப் போலக் கேட்கிற ஒலிக்கெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நாற்பத்தேழு வயசிலும் அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. "ரூ-யின் அக்கா முன்னால மனசுக்குள்ளகூடத் திட்டக் கூடாது, கேட்டுரும்" என்பது அந்த மாடியில் பழைய கேலி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புதிய மாடலுக்குக் கடைசிச் சுற்று. ரூ-யினோடு குவோவும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குவோ ஒரு காலத்தில் சவ ஊர்வலங்களில் எக்காளம் ஊதினவர். மதிப்பெண் போடும்போது பேசக்கூடாது என்று சுவரில் எழுதியிருப்பது தனக்கு இல்லை என்பது அவருடைய முடிவு.

முதலில் ஜாஸ். பெரிய தந்திக் கருவியை ஒருவன் விரலால் மீட்டிக்கொண்டே போகிறான்.

"ஏ-ல இவன் பாத்ரூம்ல உக்காந்து வாசிக்கறான். பாவம், கதவையும் சாத்திக்கிட்டான்" என்றார் குவோ.

"அண்ணே, எழுதுங்க, பேசாதீங்க" என்றது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது பிங்-ஷுன். ஸ்பீக்கர்களுக்குச் சுருதி சேர்க்கிற இன்ஜினியர்.

அடுத்தது கோயில் ஊர்வலம். மேளமும் ஊதுகுழலும்.

"பி-ல குழல் காதுல குச்சிய விட்டுக் கொடையுது. இதக் கேட்டா சாமி பல்லக்க விட்டு எறங்கி ஓடிரும்."

"குவோ அண்ணே!"

பிறகு ராப். பி-யில் பேசுகிறவன் வாயில் சூடான மீன் உருண்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பழைய தாய்வான் பாட்டுக்கு ஏ தேவலை. குடித்துவிட்டு அழுகிறவனின் குரல் மூக்கில் நிற்க வேண்டும், ஏ-யில் நின்றது. வயலின் கூட்டம் எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் மெலிந்துதான் கேட்டது. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. டான்ஸ் பாட்டு வந்தபோதுதான் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சி-யில் அடித்த அடி மேஜை வழியாக முழங்கைக்கு ஏறியது.

"லேப்டாப்பா இது? பின்னாடி பெரிய ஸ்பீக்கர ஒளிச்சு வெச்சு ஏமாத்தறியா, தம்பி?"

"சத்தியமா லேப்டாப்தாண்ணே. நாலு ஸ்பீக்கர் வெச்சிருக்கு" என்ற பிங்-ஷுன், உடனே, "ஐயோ, சொல்லிட்டேனே" என்றான்.

ரூ-யினும் சிரித்தாள். சிரித்தபடியே சி-க்கு நான்கரை போட்டாள்.

கடைசியாக ஏழாவது. அது இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தது. ஜனங்கள் இப்போது வீட்டில் பதிவு செய்த குரலைத்தான் அதிகம் கேட்கிறார்கள், ஆகவே அப்படி ஒன்றும் வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். சோதனைப் பாட்டு என்றால் கேட்கிறவருக்கு மயிரிழை மயிரிழையாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஓர் இழை நகர்ந்தாலும் காது துள்ள வேண்டும். வீட்டில் பதிவான குரல்களில் ரூ-யினுக்கு அப்படித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தாள். வேறு எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் வியாழக்கிழமை பென்டிரைவை நீட்டினாள்.

"யாருக்கா பாடறது?" என்று பிங்-ஷுன் கேட்டான்.

"அக்கா பொண்ணு" என்றாள்.

அவளுக்கு அக்காவே கிடையாது. அது யி-ஜென். அவளுடைய மகள்.

யி-ஜென் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. பதினெட்டு வயசு. சொந்தமாகக் கட்டின ஒரு பாட்டைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பிலேயே பாடிப் பதிவு செய்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சான்சோங்கில் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். பாலம் இறங்குகிற இடத்தில் லாரி. அந்த நேரத்தில் ரூ-யின் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த அறைக்குள் போன் கொண்டுவரக்கூடாது. வெளியே அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். வெளியே வந்து பார்த்தபோது பதினொரு அழைப்பு. பதினொன்றும் அவள் புருஷன் தியென்-ஃபுவிடமிருந்து.

தியென்-ஃபு டவுன் பஸ் ஓட்டினான். விடிகாலை ஷிப்ட் என்பதால் சாயங்காலமே படுத்துவிடுவான். அன்றைக்கும் வீட்டில்தான் இருந்தான்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்து ஊதுபத்தி வாடை வீட்டை விட்டுப் போகாமல் இருந்தபோது, அவன் சொன்னான்: "நான் கதவத் தட்டினேன், ரூ-யின். மழை, போகாதன்னு சொன்னேன். அவ பாடிட்டே இருந்தா. திறக்கல."

"எப்ப தட்டின?"

"பாடிட்டிருக்கறப்ப."

ரூ-யின் மகளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அந்தப் பாட்டை ஓடவிட்டாள். மூன்று நிமிஷம். குரல், பன்னிரண்டாவது வினாடியில் ஒரு தொண்டைச் செருமல், நடுவில் நாற்காலி கிறீச்சிடுவது. முடிந்தது. மறுபடி போட்டாள். மறுபடி.

"எங்க தட்டல்?"

அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூறு மைல் தள்ளி ஊசி விழுந்தாலும் எனக்குக் கேக்கும். நீ தூங்கிட்ட. தூங்கிட்டுக் கத கட்டற. செத்த பொண்ணு மேல பழியப் போடற."

"தட்டினேன்."

"என் காது பொய் சொல்லாது, தியென்-ஃபு."

அதே பேச்சு ஒரு வருஷம் நடந்தது, சோறு தின்னும்போதும் துணி மடிக்கும்போதும். அந்தப் பதினொரு அழைப்பை அவன் ஒரு நாளும் எடுத்துச் சொல்லிக் காட்டவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிந்தது. கடைசியில் ஒரு நாள் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யீலான் பக்கம் சான்ஷிங்கில் வெங்காயத்தாள் பயிர் செய்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். ரூ-யின் அந்த லேப்டாப்போடு தங்கினாள். தினமும் வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றின கையோடு பாட்டைப் போடுவாள். ஹெட்போன் மாட்டியதில்லை. பகல் முழுக்கக் காதை வாடகைக்கு விட்டவளுக்கு வீட்டிலும் அதை மாட்டப் பிடிக்கவில்லை. மகளுக்கு மதிப்பெண் போடுவதுபோல இருக்கும் என்று ஒரு கூச்சம். பெண்ணின் பெட்டியிலிருந்து பெண்ணின் குரல் வந்தால் போதும்.

இப்போது துணிக்குப் பின்னால் அந்தக் குரல் எழுந்தது.

ஏ-யில் வந்தபோது ரூ-யின் கண்ணை மூடிக்கொண்டாள். அதே பாட்டு, அதே செருமல். தாளில் நாலு என்று எழுதினாள். பி-யில் யி-ஜெனுக்கு ஜலதோஷம் பிடித்தாற்போல இருந்தது, இரண்டரை. குவோகூடப் பேசவில்லை.

சி.

குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நெஞ்சோடு பாடுகிறாள், அது தெரிந்தது. ரூ-யின் ஐந்து போட வேண்டும் என்று பென்சிலை வைத்தபோது, குரலுக்கு அடியில் என்னமோ இடித்தது. தும். இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அதில் இல்லாத சத்தத்தை ஒரு பெட்டி உண்டாக்குகிறது என்றால் பெட்டியில் கோளாறு. இந்தத் தொழிலில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஐந்தை எழுதாமல், குறைக் கட்டத்தில் அழுத்தி எழுதினாள்: "சி: 41-வது வினாடி. உள்ளே ஏதோ தளர்ந்து அடிக்கிறது. நான்கு முறை. திருகாணிகளைப் பார்க்கவும்."

மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தை எல்லாரும் பிரித்துக்கொண்டிருந்தபோது பிங்-ஷுன் அவள் தாளோடு வந்தான்.

"அக்கா, சி-யப் பிரிச்சே பாத்துட்டேன். ஒண்ணும் லொடலொடன்னு இல்ல. கீழருந்து மேல வரைக்கும் சத்தம் விட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு."

"பச்சைப் பாக்கெட் இருக்கா பாரு" என்றார் குவோ, வாயில் சோற்றோடு. மெஷின்கள் ஒழுங்காக ஓட வேண்டும் என்று எல்லாவற்றின் தலையிலும் பச்சைப் பையில் சோளப்பொரி வைப்பது அங்கே வழக்கம். "தேதி முடிஞ்சிருக்கும். இல்லேன்னா எவனோ தின்னுருப்பான். அதான் அடிக்குது."

"புதுசா வெச்சிருக்குண்ணே, ஜனவரி வரைக்கும் தேதி இருக்கு."

"அப்ப எனக்கு மட்டும் பேய் தட்டுதா?" என்று ரூ-யின் சிரித்தாள். "கேட்டுச்சு, தம்பி. நாலு தடவ."

"கேட்டிருக்கும். வாங்க, காட்றேன்."

அவன் தன் மேஜைக்குக் கூட்டிப்போய்த் திரையைத் திருப்பினான். பாட்டைப் படமாக விரித்து வைத்திருந்தான். மேலே குரல், புல்வெளி மாதிரி. அடியில், தரையோடு ஒட்டி, நான்கு மேடு.

"இது பெட்டில இல்லக்கா. உங்க பாட்டுலயே இருக்கு. மேல உள்ளத எல்லாம் எடுத்துட்டு இத மட்டும் தூக்கி வெக்கறேன், கேளுங்க."

தும். தும். தும் தும்.

"யாரோ கதவத் தட்டறாங்க" என்றான் பிங்-ஷுன். "விரல் முட்டியால இல்ல, உள்ளங்கையால. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்றப்போ அடிச் சத்தம் மட்டும்தானே உள்ள வரும்? இதுக்கு அப்புறம் ஒரு ஆம்பளக் குரல் மாதிரி ஒரு முனகல்கூட இருக்கு. என்ன சொல்றாருன்னு புரியல. உங்க அக்கா வீட்டுக்காரரா?"

ரூ-யின், "ஏ-லயும் பி-லயும் ஏன் கேக்கல?" என்றாள். பதில் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

"அதுல எல்லாம் அடிச் சத்தத்த வெட்டிட்டோமே. சின்ன ஸ்பீக்கர் தாங்காது, வெறுமனே அதிரும், வெட்டிடுன்னு நீங்கதானக்கா சொல்லுவீங்க?"

ஆமாம், அவள்தான் சொல்வாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு மெல்லிய மாடல் வந்தது. அடி ஒலி போட்டால் மூடி கிடுகிடுத்தது. "கீழே உள்ளதை எல்லாம் வெட்டிவிடுங்கள், குரல் தெளிவாக இருக்கும்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஊழியர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தார்கள். யி-ஜெனுக்கு ஒன்று வாங்கினாள். அந்தப் பெட்டியில் தியென்-ஃபு விடிய விடியத் தட்டியிருந்தாலும் வெளியே கேட்டிருக்காது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: உனக்குக் கேட்கவில்லை என்றால் பாட்டில் இல்லை என்று எழுதாதே, பெட்டி அதைச் சொல்லாமல் விழுங்கியிருக்கும். பதினாறு வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் ஒருவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அந்தத் தாளக் குடு" என்றாள்.

குறைக் கட்டத்தில் எழுதியதைக் கோடு போட்டு அடித்தாள். சி-க்கு ஐந்து எழுதினாள். எண் கோணலாக வந்தது. "எனக்கு அந்தப் பெரிய ஹெட்போன் நாளைக்கு வேணும், தம்பி. திங்கக்கிழமை குடுத்துடறேன்" என்றபோது அவள் குரல் ஒழுங்காகவே இருந்தது. பிங்-ஷுன் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை ரயிலேறி லுவோதோங்கில் இறங்கி, பஸ் பிடித்துச் சான்ஷிங் போனாள். ஏறும்போது இருந்த மழை அங்கேயும் இருந்தது. வரப்போரத்து வாய்க்காலில், தகரக் கூரைக்கடியில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தியென்-ஃபு வெங்காயத்தாள் அலசிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் அவனுடைய அக்கா. ரூ-யினைப் பார்த்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

"என்ன, இங்க யாராவது தூங்கிட்டிருக்காங்களான்னு பாக்க வந்தியா?" என்றாள். தம்பிக்காக மூன்று வருஷமாக வைத்திருந்த சொல்.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ" என்றான் தியென்-ஃபு.

அவள் முனகிக்கொண்டே போனாள். ரூ-யின் வாய்க்கால் கரையில் ஈரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"சாப்டியா?" என்று கேட்டான் அவன்.

"ம்."

"பொய். ரயில்ல நீ எதுவும் சாப்பிட மாட்ட."

"தியென்-ஃபு, நீ தட்டின."

அவன் கையிலிருந்த வெங்காயத்தாள் கட்டை நீரில் அமுக்கினான். மண் கரைந்து போயிற்று. வெள்ளைத் தண்டு வெளியே வந்தது. "அது இப்ப எதுக்கு?"

"பாட்டுல இருக்கு. நாலு தடவ. நான்தான் கேக்கல."

"இல்ல ரூ-யின். தட்டல."

"என்ன?"

"நான் தட்டல. தூங்கிட்டேன். நீ சொன்னதுதான் சரி." அவன் பழகிப்போன குரலில் சொன்னான். "மொத வருஷம் தட்டினேன் தட்டினேன்னு சொல்லிட்டிருந்தேன். நீ பாட்டப் போட்டுப் போட்டுக் காட்டின. என் காதுலயும் ஒண்ணும் விழல. இங்க வந்து யோசிச்சுப் பாத்தேன். கனவு கண்டிருப்பேன். மெஷினும் நீயும் ஒரே மாதிரி சொல்றப்போ நான் மட்டும் எப்படி?"

ரூ-யின் பையைத் திறந்தாள். ஹெட்போனை எடுத்துப் போனில் செருகினாள்.

"கேளு."

"வேணாம்."

"ஒரே ஒரு தடவ கேளு. உன் கால்ல விழுந்து கேக்கறேன்."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கரையேறி வந்து உட்கார்ந்தான். அவளே அவன் தலையில் மாட்டிவிட்டாள். நான்கு வருஷத்துக்கு அப்புறம் அவன் காதை இப்போதுதான் தொடுகிறாள். பாட்டை ஓடவிட்டாள்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூரைமேல் மழைதான் கேட்டது. அவன் முகத்தையே பார்த்தாள். குரல் தொடங்கியதும் அவன் வாய் கோணியது. செருமலுக்கு லேசாகச் சிரித்தான். பிறகு அவன் வலது கை தொடைமேல் தானாக எழுந்தது. உள்ளங்கை விரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று நான்கு. கொஞ்சம் நிறுத்தி, உதடு அசைந்தது, "யி-ஜென், மழை, போகாதம்மா" என்று, சத்தமே இல்லாமல்.

பாட்டு முடிந்தது. அவன் கழற்றவில்லை. ரூ-யின் அழுதுகொண்டிருந்தாள். "என்ன மன்னிச்சுடு" என்று சொல்லத்தான் ரயிலில் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது வெளியே வரும் முன்னால் அவன் பேசினான்.

"நாலாவது தட்டலுக்கு அப்புறம் அவ கொரல ஒசத்தறா. கவனிச்சியா?"

அவள் கவனித்திருந்தாள். நேற்று திரையிலேயே அது தெரிந்தது. சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்திருந்தாள்.

"அப்ப அவளுக்குக் கேட்டிருக்கு" என்றான் தியென்-ஃபு. "நான் கூப்பிட்டது கேட்டிருக்கு. கேட்டுட்டு, என் சத்தம் விழக்கூடாதுன்னு ஓங்கிப் பாடியிருக்கா."

"கொழந்த, தியென்-ஃபு. அந்த வயசுல எல்லாரும்…"

"அவளச் சொல்லல." அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ரூம் சாவி டிவி மேல இருந்துச்சு. எடுத்துத் திறந்திருக்கலாம். காலைல ஷிப்ட் இருக்கேன்னு போய்ப் படுத்துட்டேன். இப்ப எல்லாம் ஞாபகம் வருது. தரை ஜில்லுன்னு இருந்துச்சு, செருப்பு போடல." வாய்க்கால் தண்ணீரில் கையை விட்டு எடுத்தான். "நீ தூங்கிட்டன்னு சொன்னப்போ மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் அதுலயே படுத்துக்கிட்டேன். தூங்கினவன் என்ன பண்ணுவான் பாவம்னு நானே என்ன மன்னிச்சு வெச்சிருந்தேன். வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனவன எப்படி மன்னிக்கறது?"

ரூ-யின் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாள். அவனுடைய உண்மையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்து வந்தாள்.

"பொண்ணு செத்ததுக்கு நான் ஒரு ஆளத் தேடினேன்" என்றாள். "பதினொரு தடவ போன் அடிச்சும் எடுக்காதவ நான். அத நீ சொல்லிருவியோன்னு பயந்துதான் உன்னப் புடிச்சேன். வீட்டுக்கு வா, தியென்-ஃபு."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த வீட்ல அந்தக் கதவு இருக்கே" என்றான்.

அவன் ஈரக் கையை நீட்டினான், போனுக்காக. அவள் கொடுத்தாள். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை; அவளே விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

பாட்டு மறுபடி ஓடியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய வலது கையைப் பார்த்தாள். எழுந்தது, தொடையைத் தட்டியது, அடங்கியது. முடிந்ததும் அவனே திரையைத் தொட்டான். ரோட்டில் லுவோதோங் பஸ் வந்து நின்றது. யாரும் ஏறாததால் போய்விட்டது. அவன் மறுபடியும் தொட்டான்.